நீலகிரியில் பாறை மண்ணாவதைப் பார்ப்பது எப்படி: மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குன்னூர்ப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார்கள். "மலை என்றால் பாறைதானே, பாறை எப்படிச் சரிகிறது?" சமவெளியிலிருந்து வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் காலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் பாறை அல்ல. பாறையாக இருந்து, இப்போது மண்ணாகிக்கொண்டிருக்கும் ஒன்று. சில சரிவுகளில் அது ஓரடிகூட இருக்காது. சில சரிவுகளில் 30, 40 மீட்டர் ஆழம் வரை இருக்கும். நீங்கள் எதன்மேல் நிற்கிறீர்கள் என்பதைக் கண்ணாலும் கையாலும் தெரிந்துகொள்ள முடியும். அதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை, இரண்டு நாள் போதும். ஒன்று நல்ல வெயில் நாள், மற்றது மழை பெய்து ஓய்ந்த மறுநாள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த சிதைவும் அரிப்பும்தான். ஆட்டுக்கல்லில் அரிசியை அரைப்பது ஒரு வேலை, அரைத்த மாவை வழித்தெடுப்பது இன்னொரு வேலை. பாறை இருந்த இடத்திலேயே நைந்து மண்ணாவது சிதைவு. அந்த மண்ணைத் தண்ணீரோ காற்றோ எடுத்துப்போவது அரிப்பு. அரைக்கும் வேகத்தைவிட வழிக்கும் வேகம் குறைவாக இருந்தால் மண் ஆழமாகச் சேரும். அதிகமாக இருந்தால் மொட்டைப் பாறைதான் மிஞ்சும். மேட்டுப்பாளையம் சாலையில் ஏறும்போது ஒரு பக்கம் செங்குத்துப் பாறையும், அடுத்த வளைவிலேயே செம்மண் சுவரும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

எடுத்துப்போக வேண்டியவை

ஒரு சுத்தியல், ஒரு நீளமான ஆணி, அளவு டேப், மூடி போட்ட இரண்டு கண்ணாடி ஜாடி, நோட்டு, பேனா. சிறிய பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் குடிக்க ஸ்டீல் பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல் என்றதும் கண்ட பாறையையெல்லாம் உடைக்கக் கூடாது. கீழே விழுந்து கிடக்கும் கைக்கல் ஒன்றே போதும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம், அங்கே எதையும் உடைக்கவும் வேண்டாம். மழை பெய்யும்போது எந்த மண் சுவருக்கும் அடியில் நிற்காதீர்கள். தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டுமாடு நிற்கும். சாதுவாகத்தான் தெரியும், ஆனாலும் ஐம்பதடி தள்ளியே நின்று, அது போன பிறகு போங்கள்.

முதலில் சிதையாத கல்லைத் தேடுங்கள்

எதிலிருந்து மண் வந்தது என்று தெரியாமல் மண்ணைப் பார்த்துப் பயனில்லை. அதனால் புதுக் கல் ஒன்று வேண்டும். வீடு கட்டும் இடத்தில் உடைத்துக் குவித்த கருங்கல்லைப் பாருங்கள், இல்லாவிட்டால் சாலை அகலப்படுத்திய இடத்தில் அண்மையில் உடைந்த முகத்தைப் பாருங்கள்.

நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனது. உடைந்த முகம் கரும்பச்சையும் சாம்பலும் கலந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். சில இடங்களில் மாதுளை முத்துபோல் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அது கார்னெட். இந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, பல்லாவரத்திலும் நீலகிரியிலும் கிடைக்கும் பாறைக்கும் சார்னாக்கின் பெயரையே வைத்தார். இன்று அண்டார்டிகாவில் அதே வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான்.

கல்லைச் சுத்தியலால் தட்டுங்கள். புதுக் கல் 'டங்' என்று மணிபோல் ஒலிக்கும், சுத்தியல் எகிறும். ஆணியால் கீறினால் கல்லில் கீறல் விழாது, ஆணியின் இரும்புதான் கோடாகப் படியும். பூதக்கண்ணாடியில் மூன்று வகைத் துகள்களைத் தேடுங்கள். நீலம் கலந்த கண்ணாடி போன்றது குவார்ட்ஸ். பச்சையும் வெள்ளையுமாகத் தட்டையான முகத்தோடு மின்னுவது ஃபெல்ஸ்பார். கருத்தோ பழுப்பாகவோ இருப்பது பைராக்சீன், அதில் இரும்பு இருக்கிறது. இந்த மூன்றையும் மறக்காதீர்கள், இனிப் பார்க்கப்போவதெல்லாம் இவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான்.

இந்தக் கல் உருவான இடம் பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே. சுமார் 250 கோடி ஆண்டு பழையது. அங்கே வெப்பமும் அழுத்தமும் பயங்கரம், தண்ணீர் அபூர்வம். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த கல்லை மேலே கொண்டுவந்து, குளிரிலும் மழையிலும் மூடுபனியிலும் வைத்தால் அது பழைய நிலையில் இருக்க முடியாது. மேலே வந்த நாளிலிருந்தே புதிய இடத்துக்கு ஏற்ப மாறத் தொடங்கிவிடுகிறது.

விரிசல்களைப் படியுங்கள்

அடுத்து ஒரு திறந்த பாறை முகத்துக்குப் போங்கள். குன்னூரிலிருந்து லேம்ஸ் ராக் வழியாக டால்பின் நோஸ் போகும் சாலை இதற்கு மிகவும் வசதி. கோத்தகிரிக்காரர்கள் கோடநாடு காட்சிமுனைக்குப் போய் எதிரே ரங்கசாமித் தூணைப் பார்க்கலாம். கூடலூர்ச் சாலையில் போகிறவர்களுக்கு ஊசிமலை இருக்கிறது.

பாறை ஒரே துண்டாக இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் சில விரிசல்கள் ஓடும். அவற்றுக்குக் குறுக்கே சில. மூன்றாவதாக, சரிவின் மேற்பரப்பை ஒட்டியே அடுக்கடுக்காகச் சில, சப்பாத்தியை அடுக்கியதுபோல். இந்த மூன்றாவது வகை வந்த விதம் சுவையானது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பல கிலோமீட்டர் பாறை தேய்ந்து போனதும், கீழே இருந்த கல் பாரம் இறங்கியதால் மேல்நோக்கி விரிகிறது. அப்படி விரியும்போது பலகை பலகையாகப் பிளக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் 'பாறை உரிதல்' என்று இருக்குமே, அதுதான்.

நோட்டில் எழுத வேண்டியவை இரண்டு: விரிசல்களுக்கு இடையில் எவ்வளவு தூரம், அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. விரிசல் நெருக்கமாக உள்ள இடத்தில் தண்ணீர் எளிதாக உள்ளே போகும், சிதைவும் வேகமாக நடக்கும். அகலமாக உள்ள இடம் நிலைத்து நிற்கும். ரங்கசாமித் தூண் மாதிரி தனியாக நிற்கும் பாறைகளைப் பார்க்கும்போது அதை யாரோ நட்டதுபோல் தோன்றும். சுற்றியிருந்த நெருக்கமான விரிசல் உள்ள பாறை போய்விட்டது, நடுவில் கெட்டியாக இருந்தது நின்றுவிட்டது, அவ்வளவுதான். சாய்வு ஏன் முக்கியம் என்றால், விரிசல்கள் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தால் மேலே உள்ள பலகை வழுக்கி வர வழி கிடைத்துவிடுகிறது. மலைக்குள் சாய்ந்திருந்தால் அந்தக் கவலை குறைவு.

விரிசலில் வேர் நுழைந்திருக்கிறதா பாருங்கள். வேர் தடிக்கத் தடிக்க ஆப்பு அடித்ததுபோல் பிளவு அகலும். பாறைமேல் சாம்பலும் ஆரஞ்சுமாகப் படர்ந்திருக்கும் பாசி போன்ற பொருக்குகளும் மெல்லிய அமிலத்தைச் சுரந்து கல்லைத் தின்கின்றன. நகத்தால் லேசாக எடுத்தால் அடியில் கல் சொரசொரப்பாக இருப்பது தெரியும்.

உறைபனியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளி வெள்ளையாகிவிடுவது உண்மைதான். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருகும் என்பதும் உண்மை. ஆனால் இங்கே உறைவது மேலே ஒரு தோல் அளவுக்குத்தான், காலை வெயிலில் உருகிவிடும். இமயமலையில் பாறையைப் பிளப்பதுபோல் இங்கே பிளக்காது, மேல் மண்ணைக் கொஞ்சம் கிளறிவிடும். நீலகிரியில் முக்கியமான வேலைக்காரர் மழைதான்.

சாலை வெட்டு: இங்கே நிறைய நேரம் செலவிடுங்கள்

சாலை போடவோ வீடு கட்டவோ சரிவைச் செங்குத்தாக வெட்டிய இடம்தான் நமக்குப் பாடப்புத்தகம். பத்துப் பதினைந்து அடி உயரமும் போக்குவரத்து குறைவும் உள்ள ஒரு வெட்டைத் தேர்ந்தெடுங்கள். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று முதலில் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். பிறகு மேலிருந்து கீழாகப் படம் வரையுங்கள்.

உச்சியில் கறுத்த மண், பெரும்பாலும் ஒன்றிரண்டு அடி. இலையும் வேரும் மக்கிய மண் அது. அதற்குக் கீழே சிவப்பு. அப்புறம் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக. அதற்கும் கீழே விநோதமான ஓர் அடுக்கு வரும். தூரத்திலிருந்து பார்த்தால் பாறை. பாறையில் இருந்த கோடுகள், விரிசல்கள், துகள்களின் வரிசை எல்லாம் அப்படியே இருக்கும். கிட்டப் போய் ஆணியைக் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இதைப் புவியியலார் சாப்ரோலைட் என்பார்கள். நான் புதியவர்களுக்குச் சொல்லும்போது 'உருவம் மாறாத மக்கிய பாறை' என்பேன். முதன்முதலில் ஆணி உள்ளே போகும்போது எல்லோர் முகமும் மாறும். என் முகமும் அன்று மாறியிருக்கும்.

உள்ளே நடந்தது இதுதான். மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகித்தான் மண்ணில் இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் அந்த வாயு இன்னும் அதிகம். இந்தத் தண்ணீர் ஃபெல்ஸ்பாரைத் தொட்டால் அதிலிருக்கும் சோடியம், கால்சியம், பொட்டாசியம் கரைந்து போய், மிஞ்சுவது வெள்ளைக் களிமண். பைராக்சீனில் உள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. நம் ஊர்ச் செம்மண்ணின் சிவப்பு முழுக்க அந்தத் துருதான். துருவோடு தண்ணீரும் சேர்ந்து நின்றால் மஞ்சளாகும். குவார்ட்ஸ் மட்டும் அசையாது, மணலாக அப்படியே நிற்கும். கரைந்து போன உப்புகள் ஊற்றாகி, ஓடையாகி, பவானியில் சேர்ந்து போய்விட்டன. கன அளவு மாறாமல் எடை மட்டும் குறைந்த பாறை இது. தேன் எடுத்த பிறகு அடை நிற்பதுபோல் உருவம் நிற்கிறது.

இந்த வேலை இன்னும் தொடர்ந்தால் மணல்கூடக் கரைந்து, இரும்பும் அலுமினியமும்தான் மிஞ்சும். கோத்தகிரிப் பக்கம் பாக்சைட் கிடைப்பது அப்படித்தான்.

இனி உருண்டைகளைத் தேடுங்கள். மண்ணுக்கு நடுவில் யானை முதுகு போலவும் பூசணிக்காய் போலவும் கெட்டிப் பாறைகள் மாட்டியிருக்கும். ஆற்றில் உருண்டு வந்தவை என்று நினைக்கத் தோன்றும், அது தவறு. அவை பிறந்த இடத்திலேயே இருக்கின்றன. விரிசல்கள் பாறையைச் சதுரக் கட்டிகளாகப் பிரித்தன. கட்டியின் முகத்தைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து, மூலையை மூன்று பக்கமிருந்து. வாயில் போட்ட கற்கண்டின் மூலைகள் முதலில் கரைவதுபோல் கட்டி உருண்டையாகிறது. உருண்டையைச் சுற்றி வெங்காயத் தோல் போல் அடுக்குகள் உரிவதையும் பார்க்கலாம். டேப்பை எடுத்து, கெட்டிக் கல் முடிந்து ஆணி இறங்கும் மண் தொடங்கும் வரை எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். சார்னோக்கைட்டில் இந்த எல்லை பல இடங்களில் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ஒரு பக்கம் சுத்தியல் எகிறும் கல், அடுத்த பக்கம் விரலால் நோண்டும் மண்.

இது பார்க்க அழகு, ஆனால் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. சுற்றிய மண்ணை மழை கழுவிப்போனால் உருண்டைக்குப் பிடிமானம் இருக்காது. பர்லியாறு, காட்டேரிப் பக்கம் மழைக்காலத்தில் சாலையில் வந்து விழும் கல் பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான்.

மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வெட்டின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் சோதனை, நனைத்து உருட்டுவது. உள்ளங்கையில் வைத்துச் சீடைக்கு மாவு உருட்டுவதுபோல் உருட்டி, பிறகு கயிறாகத் திரியுங்கள். பென்சில் தடிமனில் உடையாமல் நீண்டால் களிமண் அதிகம். கயிறே வராமல் உதிர்ந்தால் மணல் அதிகம். இரண்டாவது, நன்றாகக் காய்ந்த கட்டியை ஒரு கிண்ணம் தண்ணீரில் மெதுவாக விடுவது. சில கட்டிகள் ஒரு மணி நேரம் ஆனாலும் கலையாது. சில ஐந்து நிமிடத்தில் சரசரவென்று கலைந்து குவியலாகிவிடும். வெட்டிய சுவர் மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஜாடி. மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், துளி சோப்புத் தூள். நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துவிட்டு நகர்த்தாதீர்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் உட்காரும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வண்டல். களி உட்கார ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

வினிகர் சொட்டினால் கல் நுரைக்குமா என்று ஒரு பையன் கேட்டான். சுண்ணாம்புக்கல்தான் நுரைக்கும், சார்னோக்கைட் நுரைக்காது.

தேதி போட்ட கல்

சிதைவின் வேகம் எவ்வளவு என்று தெரிய, தேதி தெரிந்த கல் வேண்டும். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயம் 1830களிலேயே வழிபாட்டுக்கு வந்துவிட்டது, அங்குள்ள பழைய கல்லறைகளில் ஆண்டு பொறித்திருக்கும். மரியாதையோடு போய், கையால் தொடாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். பளிங்கில் வெட்டிய எழுத்து மழுங்கியிருக்கும், கெட்டியான கருங்கல்லில் வெட்டியது கூர்மையாக இருக்கும். ஒரே மழைதான், கல்தான் வேறு. மலை ரயில் குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் வந்தது. ரயிலில் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பாதைக்காக வெட்டிய பாறை முகங்களைக் கவனியுங்கள். நூறு ஆண்டுக்கு மேல் வெயிலும் மழையும் பட்டும் கல் எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்று தெரியும். பிறகு 40 மீட்டர் ஆழ மண்ணை நினைத்துப் பாருங்கள். அது எத்தனை லட்சம் ஆண்டு வேலை!

மழைக்கு மறுநாள்: அரிப்பைப் பார்க்கும் நாள்

இனி வழித்தெடுக்கும் வேலை. வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்கலாம். தரையிலிருந்து ஓரடி, இரண்டடி உயரம் வரை செம்மண் தெறித்திருக்கிறதா? ஒவ்வொரு துளியும் விழும்போது மண்ணை அவ்வளவு உயரம் எறிகிறது. சரிவில் எறிந்தால் மேல்நோக்கிப் போவதைவிடக் கீழ்நோக்கிப் போவது அதிகம், அதனால் ஓடை எதுவும் இல்லாமலே மண் இறங்கிக்கொண்டிருக்கும்.

வெறும் மண்ணாக உள்ள சரிவில் குனிந்து பாருங்கள். சின்னக் கல்லோ இலையோ குடைபோல் மேலே நிற்க, அதன் அடியில் குட்டி மண் தூண் இருக்கும். தூணின் உயரத்தை அளந்தால், அந்த மண் வெறுமையானதிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். வேர் வெளியே தெரியும் மரங்களும் அப்படித்தான். இன்னும் சரியாக அளக்க வேண்டுமா? இரண்டடி இரும்புக் கம்பியை உங்கள் நிலத்தில் அடித்து, மண் மட்டத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கோட்டுக்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் சின்ன அளவாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டர் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

அடுத்து விரல் அகலத்தில் நீர்க்கோடுகளைத் தேடுங்கள். அவை ஒன்றுசேர்ந்து முழங்கால் ஆழப் பள்ளமாகியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். காய்கறித் தோட்டத்தில் பாத்தி சரிவோடு நேராகக் கீழிறங்கினால் இது வேகமாக நடக்கும், குறுக்கே போட்டால் குறையும். நன்றாகப் பராமரிக்கும் தேயிலைத் தோட்டத்தில் வரிசைகளுக்கு இடையே குறுக்கே குழி வெட்டியிருப்பார்கள். அது வழியில் வரும் மண்ணைப் பிடித்து வைக்கத்தான். எங்கே அந்தக் குழி தூர்ந்து கிடக்கிறதோ அங்கே சாலை சிவப்பாக இருக்கும்.

டால்பின் நோஸில் நின்றால் எதிரே கேத்தரின் அருவி தெரியும். மேட்டுநிலத்தில் மெதுவாக வந்த ஓடை, விளிம்பில் கெட்டிப் பாறை வந்ததும் அறுக்க முடியாமல் அப்படியே குதிக்கிறது. குன்னூர் சுமார் 1,800 மீட்டரில், மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டரில். இவ்வளவு குறைந்த தூரத்தில் இவ்வளவு இறக்கம் இருப்பதால், இந்த விளிம்பில் தண்ணீருக்குள்ள பலம் ஊட்டி மேட்டுநிலத்தில் கிடையாது.

வீடு, சுவர், சரிவு

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீங்கள் மனை வாங்கவோ வீடு கட்டவோ போகிறீர்கள் என்றால், இதுவரை கற்றதை அங்கே பயன்படுத்துங்கள்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த சில நாட்களில் மாவட்டம் முழுக்க நிலச்சரிவுகள், 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1993 நவம்பரில் மரப்பாலம் என்ற இடத்தில் மலை சரிந்தது. அவலாஞ்சி என்ற ஊர்ப்பெயரே பழைய ஒரு பெருஞ்சரிவிலிருந்து வந்தது. அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது.

சரிவு நடக்கும் விதம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. மண் தண்ணீரைக் குடித்துக் கனமாகிறது. அதுகூடப் பெரிதில்லை. தண்ணீர் கீழே போய்ச் சிதையாத பாறையில் முட்டி, மேற்கொண்டு போக இடமில்லாமல் நிற்கிறது. நிற்கும் தண்ணீர் மண் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவிடுகிறது. துகளும் துகளும் உரசிப் பிடித்திருந்த பிடி விட்டுப்போகிறது. மக்கிய பாறையில் பழைய விரிசல்கள் அப்படியே இருக்கின்றன என்று பார்த்தோமே, அவற்றில் வழுவழுப்பான களி படிந்திருக்கும். வழுக்க ஏற்ற இடம் அதுதான்.

அதனால் மனையைப் பார்க்கும்போது பின்புறச் சரிவில் ஊற்று கசிகிறதா, எந்த மட்டத்தில் கசிகிறது என்று பாருங்கள். மண்ணும் பாறையும் சேரும் கோடு அந்த மட்டத்தில்தான் இருக்கும். இடம் ஓடையின் பழைய வழியாக இருந்ததா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வயதானவர்களுக்கு எந்தச் சரிவு எந்த வருடம் இறங்கியது என்று நன்றாக நினைவிருக்கும். எந்த ஆவணத்தையும்விட நான் அவர்கள் பேச்சை நம்புவேன். சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டித்தான் மனை கிடைக்கும் என்றால் அந்த மனையை விட்டுவிடுங்கள். இங்கே ஜேசிபி கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதும் இந்த வெட்டுகளால்தான்.

தடுப்புச் சுவரைப் பற்றி என் அனுபவம் ஒன்று. வீட்டுக்குப் பின்னால் எட்டடிச் சுவர் கட்டினேன். நீர் வெளியேறத் துளை விட வேண்டாமா என்று கேட்டதற்கு, கட்டியவர் "துளை விட்டால் சுவர் பலம் குறையும் சார், அழுக்கும் வழியும்" என்றார். எனக்கும் சுத்தமாக இருக்கட்டும் என்று தோன்றியது, சரி என்றுவிட்டேன். இரண்டாவது நவம்பரில் சுவரின் வயிறு உப்பியது. நான்காவது நாள் இரவு இரண்டு மணிக்கு மொத்தமும் சமையலறை ஜன்னல் வரை வந்து படுத்தது. அன்று என் அம்மா வழக்கமாகப் படுக்கும் அந்தப் பக்கத்து அறையில் படுக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும்.

மறுபடி கட்டும்போது சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பினோம். நான்கைந்து அடிக்கு ஒன்றாகக் குழாய் வைத்துத் துளை விட்டோம், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி. சுவருக்கு மேலே சரிவில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினோம். அப்புறம் அந்தச் சுவர் அசையவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுத்துவிடுவேன். கூரைத் தண்ணீரையும் சமையலறைக் கழிவுநீரையும் சரிவில் விடாதீர்கள். மழையில்லாத நாளிலும் மண்ணை நனைத்துக்கொண்டே இருப்பது அதுதான்.

மழைக்காலத்தில் சில அறிகுறிகளைத் தினமும் பாருங்கள். சரிவின் மேல் பகுதியில் பிறை வடிவத்தில் புது விரிசல். நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது. கதவு திடீரென்று இறுகி மூட மறுப்பது. தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, அல்லது சட்டென்று நிற்பது. சரிவிலிருந்து வேர் அறுபடும் சத்தம், கல் உருளும் சத்தம். ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள். கீழ்நோக்கி ஓடாமல், சரிவின் பாதையைவிட்டுப் பக்கவாட்டில் போங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. அதை ஃபோனில் இப்போதே சேமித்துவிடுங்கள். விரிசலுக்குள் மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடலாம், ஆனால் மழை விட்ட பிறகு பகலில்தான்.

கடைசியாக இரண்டு ஜாடி

பெருமழைக்கு மறுநாள் செய்ய ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கழுவிய இரண்டு ஜாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரமாக எட்டக்கூடிய இடத்தில், சோலையிலிருந்து வரும் ஓடை ஒன்றில் ஒரு ஜாடியும், காய்கறித் தோட்டம் அல்லது புதிதாக வெட்டிய மனை வழியாக வரும் ஓடையில் இன்னொன்றும் நிரப்புங்கள். சோலைக்குள் மரத்தின் இலை, அதற்குக் கீழே செடி, அதற்குக் கீழே சருகு, அதற்குக் கீழே வேர்ப்பின்னல் என்று துளி நான்கு இடத்தில் வேகம் குறைந்துதான் மண்ணைத் தொடுகிறது. வெட்டிய மனையில் நேராக மண்ணில் இறங்குகிறது.

ஜாடிகளில் இடம், தேதி, முந்தைய நாள் மழை எவ்வளவு என்று எழுதி ஒட்டி, ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு நாள் கழித்து அடியில் படிந்ததை ஸ்கேலால் அளந்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே இரண்டு இடத்திலிருந்து மறுபடி எடுங்கள். தோட்டத்து ஓடை ஜாடியில் வண்டல் முந்தைய வருடத்தைவிடத் தடித்திருந்தால், ஓடையோடு மேலே நடந்து போய் எந்த வெட்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்த நிலத்துக்காரரிடம் ஜாடியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.